மாணவர் பாராளுமன்றத்துக்குச் செங்கோல்: அளவு, பாகங்கள், வைக்கும் முறை பற்றி உதவி தேவை

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். எங்கள் பாடசாலை மாணவர் பாராளுமன்றத்தின் முதல் அமர்வுக்கு ஒரு செங்கோல் (சபையின் மேசையில் வைக்கும் mace) செய்யப்போகிறோம். அமர்வு முடிந்ததும் அதையே வரலாற்றுக் கண்காட்சியில், காலனித்துவ ஆட்சியின் அடையாளமாகச் செங்கோல் எப்படி இருந்தது என்று விளக்கும் பலகையோடு வைக்க எண்ணம். ஊர் ஓடாவி ஒருவர் செய்துதர ஒத்துக்கொண்டிருக்கிறார். அளவும் வரைபடமும் கேட்கிறார்.

எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம் இருக்க வேண்டும்? பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நீளத்துக்கு நடக்க வேண்டும். உச்சியில் முடி (கிரீடம்) வைப்பதா, வேண்டாமா? அமர்வு நேரத்தில் அதை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? கருங்காலியில் செய்ய முடியுமா? கடைசியாக, "செங்கோல் இல்லாமல் சபை கூட முடியாது" என்று பலகையில் எழுதினால் சரியாக இருக்குமா?

——

சபைக்குறிப்பு எழுதியது:

நீளத்துக்கு நமது இலங்கைப் பாராளுமன்றச் செங்கோலையே அளவாக வையுங்கள். 48 அங்குலம், ஏறக்குறைய 122 செ.மீ. பாரத்தை மட்டும் பின்பற்ற வேண்டாம், அது 28 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 12.7 கிலோ. கருங்காலித் தண்டில் வெள்ளி, 18 கரட் தங்கம், நீலக்கற்கள் என்று செய்யப்பட்டது. பிரித்தானிய பொதுமக்கள் சபை அதை 1949 ஜனவரி 11இல் இலங்கைப் பிரதிநிதிகள் சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பலகையில் இந்தத் திகதியைக் கவனமாக எழுதுங்கள். சுதந்திரம் 1948 பெப்ரவரி 4இல் வந்துவிட்டது, ஆகவே இதைக் "காலனித்துவ ஆட்சிக்காலச் செங்கோல்" என்று சொல்ல முடியாது. ஆட்சி கைமாறிய பிறகு, அதே ஆட்சியின் வழக்கத்தோடு சேர்ந்து வந்த செங்கோல் என்பதே சரி. 1972இல் குடியரசான பின்பும் அதே செங்கோல்தான் காலிமுகத்திடல் கட்டடத்தில் இருந்தது, 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்கு மாறியபோது அதுவே கூடப் போனது.

வைக்கும் முறைக்கு வருவோம். வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கில், அதாவது பிரித்தானிய நாடாளுமன்ற முறையில், மேசையில் இரண்டு அடுக்குத் தாங்கிகள் இருக்கும். மேசைப் பரப்பின்மேல் ஒரு சோடி, மேசைக்குக் கீழே ஒரு சோடி. சபாநாயகர் ஆசனத்தில் இருந்தால் செங்கோல் மேலே. முழுச் சபையும் குழுவாக மாறி, சபாநாயகர் ஆசனத்தை விட்டு இறங்கினால் கீழே. இந்த ஏற்ற இறக்கம் அலங்காரத்துக்காக அல்ல. வாசலில் நின்று பார்ப்பவருக்குக்கூட, இப்போது நடப்பது சபையா குழுவா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு முதல் அமர்வு என்பதால் இதைத் தவறவிடாதீர்கள்: சபாநாயகர் தெரிவாகும்வரை செங்கோல் கீழ்த் தாங்கியில்தான் இருக்க வேண்டும். தெரிவான சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்த பிறகுதான் படைக்கலச் சேவிதர் (செங்கோலை ஏந்திச் செல்லும் சபை அலுவலர்) அதை எடுத்து மேலே வைப்பார். மாதிரிப் பாராளுமன்றங்களில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தெரிவு என்ற நிகழ்வுக்கே சபையில் தடயம் இல்லாமல் போகிறது.

திசைக்குக் கனடிய பொதுச்சபை வழக்கம் எளிது. முடி உள்ள தலைப்பக்கம் ஆளும் தரப்பைப் பார்க்கும், அதாவது சபாநாயகரின் வலக்கைப் பக்கம். ஊர்வலத்தில் படைக்கலச் சேவிதர் முன்னே, சபாநாயகர் பின்னே. செங்கோல் வலத் தோளில், தலைப்பக்கம் மேல்நோக்கி. வலக்கை அடிமுனையைத் தாங்க, இடக்கை குறுக்கே வந்து தண்டைப் பிடிக்கும்.

——

கடைசல் எழுதியது:

வேலைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் கருங்காலி ஆசையை விட்டுவிடுங்கள். வெட்டவும் கொண்டுவரவும் அனுமதி வேண்டிய மரம். கிடைத்தாலும் தண்ணீரில் போட்டால் முங்குகிற பாரம். தேக்கு அல்லது மகோகனி எடுத்துக் கறுப்புச் சாயம் ஏற்றினால் போதும்.

மொத்தம் 120 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு 90, தலை 15, அதன்மேல் முடியோ சின்னமோ 15. தண்டு 35 மி.மீ. விட்டம். 30 மி.மீ.க்குக் கீழே இறக்க வேண்டாம், உள்ளே துளை போட்டபின் சுவர் மெலிந்துவிடும். தலை 10 செ.மீ. விட்டத்தில் கிண்ண வடிவம்.

90 செ.மீ. தண்டை ஒரே துண்டாகக் கடைய நினைத்தால் இரண்டு சிக்கல் வரும். சின்னப் பட்டறை லேத்தில் அவ்வளவு நீளம் பிடிக்காது. பிடித்தாலும் நடுவில் அதிர்ந்து, மரத்தில் வரிவரியாக விழும். அதனால் 30 செ.மீ. வீதம் மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 11 மி.மீ. துளையை இரண்டு முனையிலிருந்தும் 15 செ.மீ. வீதம் போட்டுக்கொண்டு வந்தால் நடுவில் சந்திக்கும். ஒரே பக்கத்திலிருந்து 30 செ.மீ. போட்டால் பிட் விலகிப் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும்.

மூன்று துண்டையும் கோக்க எம்10 திரெட் ராடு (நெடுக மரை வெட்டிய 10 மி.மீ. இரும்புக் கம்பி), ஒரு மீட்டர் நீளம். அடியில் வாஷரும் நட்டும், மேலே தலைக்குள்ளும் வாஷர், நட்டு. துண்டுகள் சேரும் இடத்தை மறைக்கக் குமிழ் கடைந்து மாட்டுங்கள். பழைய வெள்ளிச் செங்கோல்களில் தண்டு நெடுக வரும் குமிழ்களும் இதற்காகத்தான் வந்தவை. வெள்ளிக் குழாயைத் துண்டு துண்டாகச் செய்து, உள்ளே மரமோ இரும்போ கொடுத்து, இணைப்பு தெரியாமல் குமிழ் போட்டு மூடினார்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் 6 மி.மீ. மரமுளை ஒன்று கொடுங்கள். இல்லையென்றால் தலையைப் பிடித்துத் தூக்கும்போது துண்டுகள் தனித்தனியாகச் சுழலும்.

பசையை மட்டும் நம்பித் தலையை ஒட்டாதீர்கள். உடையும் இடம் எப்போதும் தலைக்குக் கீழே உள்ள கழுத்துதான். மேலே பாரம், கீழே மெல்லிய தண்டு. மேசையில் வைக்கும்போது ஒரு தட்டு பட்டால் அங்கேதான் முறியும். ராடு அந்தக் கழுத்தைத் தாண்டித் தலைக்குள் குறைந்தது 8 செ.மீ. போக வேண்டும். அடி நட்டை மூடும் பித்தளைத் தொப்பியை ஒட்டிவிடாமல் திருகு வைத்து மாட்டுங்கள். வெயில் காலத்தில் மரம் சுருங்கி இணைப்பு ஆடும், அப்போது நட்டை ஒரு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும்.

இப்படிச் செய்தால் மொத்தம் 2 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். தலை கனமாக இருப்பதால் சமநிலைப் புள்ளி நடுவில் விழாது, அடியிலிருந்து 70 முதல் 75 செ.மீ.யில் இருக்கும். தாங்கி செய்பவருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு தாங்கி அடியிலிருந்து 15 செ.மீ.யில், இன்னொன்று தலைக்குச் சற்றுக் கீழே 85 செ.மீ.யில். இரண்டாவதை நடுத்தண்டில் வைத்தால், கையை எடுத்த நொடியில் தலைப்பக்கம் குப்புறச் சாயும்.

——

மேப்பிள்நிழல் எழுதியது:

பலகை வாசகத்தைப் பற்றி. "செங்கோல் இல்லாமல் சபை கூட முடியாது" என்பது வழக்கம் என்ற அளவில் சரி, சட்டம் போல எழுதினால் சிக்கல். கனடாவின் வரலாறே அதற்கு எதிர்ச்சாட்சி.

மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) சட்டசபை 1792இல் நயாகரா ஆற்றங்கரையில் கூடியபோது கிடைத்தது மரத்தில் செய்து, வர்ணம் தீட்டி, மெல்லிய உலோகப் பட்டைகளால் முடி வைத்த ஒரு செங்கோல். 1813 ஏப்ரல் 27இல் அமெரிக்கப் படைகள் யார்க் நகரை, அதாவது இன்றைய டொரான்டோவை, பிடித்தபோது அதை எடுத்துக்கொண்டு போனார்கள். பண மதிப்பு பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. முடி தாங்கிய பொருள் என்பதால் வெற்றிச் சின்னமாக அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் இருந்தது. 1934இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில்தான் திரும்பி வந்தது. 121 வருடம் செங்கோல் எதிரி நாட்டில், ஆனால் போர் முடிந்த பிறகு சட்டசபை கூடாமலா இருந்தது? வேறு ஒன்றைச் செய்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

1916 பெப்ரவரி 3 இரவு ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது செங்கோலும் போனது. மறுநாளே சபை அருங்காட்சியகக் கட்டடத்தில் கூடியது, செனட்டின் செங்கோலை இரவல் வாங்கி வைத்து. பிறகு மரத்தில் ஒன்று செய்து ஓட்டினார்கள். இப்போதுள்ளது லண்டனில் செய்து வந்தது. எரிந்ததில் மிஞ்சிய உலோகமும் அதில் சேர்ந்திருக்கிறது. இன்றும் பெப்ரவரி 3 அன்று மேசையில் அந்த மரச் செங்கோலைத்தான் வைக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: இரவல் வாங்கியாவது ஒன்றை வைத்தார்கள், வெறும் மேசையோடு கூடவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு செங்கோல்தான் வேண்டும் என்று யாரும் நிற்கவுமில்லை. "செங்கோல் மேசையில் இருக்கும்போதுதான் சபை அமர்வில் இருப்பதாகக் கொள்வது வழக்கம்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

எந்தப் பொருளில் செய்தது என்பது முக்கியமில்லை என்பதற்குக் கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தைப் பாருங்கள். 1906இல் முதல் அமர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது, கையில் செங்கோல் இல்லை. கால்கரியில் ரயில்வே தொழிலாளி ஒருவர், ரூஃபஸ் பட்டர்வொர்த், குழாய்த் துண்டைத் தண்டாக வைத்து, கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை உருண்டையைத் தலையாக்கி, சவரக் கோப்பைக் கைப்பிடிகளையும் கட்டில் துண்டுகளையும் அலங்காரமாகச் சேர்த்துத் தங்க வர்ணம் பூசிக் கொடுத்தார். தற்காலிகம் என்றுதான் செய்தது. 1956 வரை அதுதான் மேசையில் இருந்தது. உங்கள் ஓடாவியிடம் இதைச் சொல்லுங்கள், தேக்கா மகோகனியா என்ற கவலை குறையும்.

——

பனங்கூடல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓடாவி மூன்று துண்டு முறைக்குச் சம்மதித்துவிட்டார். முடி விஷயத்தில்தான் இன்னும் தடுமாற்றம். கண்காட்சிக்கு முடி வேண்டும், மாணவர் சபைக்கு முடி வைப்பது பொருத்தமில்லை என்று ஆசிரியர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். தங்க வர்ணம் எது பூசலாம் என்றும் சொல்லுங்கள்.

——

பழைய_அரண் எழுதியது:

முடி வைப்பதானால் அது அங்கே எப்படி வந்தது என்பதையும் பலகையில் போடுங்கள். முதலில் இது அரசரின் மெய்க்காவலர் ஏந்திய போர் ஆயுதம். கவசத்தை நசுக்கும் தகடுகள் கொண்ட தலை மேலே, கைப்பிடி கீழே. கைப்பிடி முடியும் குமிழில் அரச சின்னத்தைப் பொறித்திருந்தார்கள், ஏந்தியவர் அரசரின் ஆள் என்று காட்ட. காலப்போக்கில் அடிக்கும் வேலை குறைந்து, காட்டும் வேலை கூடியது. சின்னம் பொறித்த குமிழ் பெருத்து, அதன்மேல் முடியும் ஏறியது. பிறகு ஆயுதத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்கள். இன்று கீழ்முனையில் வெறும் பூவேலை போலத் தெரியும் சின்ன வளைவுகள், ஒரு காலத்தில் மண்டையைப் பிளந்த தகடுகளின் மிச்சம். பள்ளி நாடகங்களில் பருத்த பக்கத்தைக் கீழே தொங்கவிட்டுப் பீமனின் கதாயுதம் போலத் தூக்கி வருவதுண்டு. அரச சின்னம் தரையைப் பார்க்கும்படி வந்தால் முழு அர்த்தமும் போய்விடும்.

ஆகவே முடி என்பது இந்த அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது என்பதற்கான விடை. இங்கிலாந்தில் 1649இல் அரசரைக் கொன்ற பிறகு செய்த செங்கோல்களில் முடி கிடையாது. அரசாட்சி திரும்பியதும் முடியும் திரும்பியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் செங்கோல் 1841இல் செய்தது, 46 அங்குலம். பதின்மூன்று கருங்காலிக் கோல்களை வெள்ளிப் பட்டையால் கட்டி, மேலே உலக உருண்டையும் கழுகும் வைத்திருக்கிறார்கள். செங்கோல் வைக்கும் வழக்கம் பிரிட்டிஷ் வழிவந்ததுதான், வடிவத்தை மட்டும் பண்டைய ரோமானியரின் கோல்கட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அவையில் அடங்காத உறுப்பினர் முன்னால் காவல் அலுவலர் அதை ஏந்திக்கொண்டு போய் நிற்கலாம்.

முடிக்கும் முடியாட்சிக்கும் உள்ள உறவைக் காட்ட இன்னொரு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியா. ஆளுநர் நாயகம் செனட்டில் உரையாற்ற, கீழவை உறுப்பினர்கள் அங்கே போகும்போது, செங்கோலை வாசலுக்கு வெளியே பச்சைத் துணி போர்த்தி வைத்துவிடுகிறார்கள். அரசரின் பிரதிநிதியே உள்ளே இருக்கும்போது அவருடைய அடையாளம் எதற்கு?

தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்புள்ளதாக ஒன்று வேண்டுமானால் மதராஸ் மாநகராட்சி இருக்கிறது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட பட்டயம் அதன் மேயருக்கு முன்னால் இரண்டு செங்கோல்களைக் கொண்டுசெல்ல அனுமதி கொடுத்தது. வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசியவை, நீளம் மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. நீளத்துக்கு உச்சவரம்பு போட்டதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரத்தை அளந்துதான் கொடுத்திருக்கிறது. மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கியது, முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன்.

——

கடைசல் எழுதியது:

முடியா சின்னமா என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் செய்யுங்கள். தலையின் உச்சியில் எம்10 நட்டு ஒன்றைப் புதைத்து வைத்துவிட்டு, முடிக்கும் பள்ளிச் சின்னத்துக்கும் தனித்தனியாக 4 செ.மீ. போல்ட் கொடுத்தால் திருகி மாற்றிக்கொள்ளலாம். நட்டை மரத்தில் நேராகப் புதைத்தால் நாலு தடவை திருகியதும் அதுவும் சேர்ந்து சுழலும். 5 செ.மீ. இரும்புத் தகட்டில் நட்டை வெல்டு செய்து, தகட்டை நாலு திருகாணியால் மரத்தில் இறுக்குங்கள். முடியின் வளைவுகளுக்கு 1 மி.மீ. பித்தளைத் தகட்டில் 12 மி.மீ. அகலப் பட்டை வெட்டினால் கையாலேயே வளையும். 2 மி.மீ. எடுத்தால் காய்ச்சாமல் வளைக்க முடியாது. பட்டையின் விளிம்பை அரத்தால் மழுக்க மறக்காதீர்கள், தோளில் வைக்கும்போது கழுத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

வர்ணம்: கடையில் கோல்டு பெயின்ட் என்று தருவதில் பெரும்பாலும் பித்தளைத் தூள்தான். பூசிய அன்று பளபளக்கும். கை வியர்வை பட்ட இடமெல்லாம் சில மாதத்தில் பழுப்பாகி, பச்சை ஓடும், ஏனென்றால் அதில் உள்ள செம்பு வேலை செய்கிறது. மைக்கா கலந்த தங்க நிறம் கேட்டு வாங்குங்கள், அது கறுக்காது. அதற்கு முன் மரத்தை 120ஆம் நம்பர், பிறகு 220 உப்புத்தாளில் தேய்த்து, சீலர் அடித்து, செங்காவி நிறத்தில் அடிப்பூச்சு கொடுங்கள். வெள்ளை அடிப்பூச்சின் மேல் தங்க நிறம் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், செங்காவியின் மேல்தான் கனமான தங்கம் போல வரும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் ஒரு நாள் காயவிடுங்கள். மேலே தெளிந்த வார்னிஷ்.

பித்தளை முடிக்கு வர்ணம் வேண்டாம். புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, உடனே லாக்கர் அடியுங்கள். இடுக்கில் புளித்தண்ணீர் நின்றால் லாக்கருக்கு அடியிலேயே பச்சை பிடிக்கும், பிறகு முழுவதையும் உரிக்க வேண்டியதுதான்.

——

தேய்ப்பான் எழுதியது:

புளி, பிராசோ (உலோகம் தேய்க்கும் பாலிஷ்) எல்லாம் வெறும் பித்தளைக்கு மட்டும். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலோ சபையிலோ உள்ள பழைய தங்கமுலாம் பூசிய வெள்ளிச் செங்கோலில் கை வைத்துவிடாதீர்கள். முலாம் என்பது தலைமுடியின் பருமனைவிடப் பலமடங்கு மெல்லியது. தேய்க்கும் பசை ஒவ்வொரு முறையும் மேடான இடங்களில் கொஞ்சம் தங்கத்தை எடுத்துக்கொண்டு போகும். முடியின் விளிம்பும் பூவேலையின் முனையும் வெளுத்திருக்கும் பழைய செங்கோல்களைப் பார்த்தால், அது பல வருடம் ஆர்வமாகத் துடைத்ததன் பலன் என்று தெரிந்துகொள்ளலாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைப்பது, உடனே ஈரம் எடுப்பது, அவ்வளவுதான். தொட்டியில் முக்கவே கூடாது. இணைப்பு வழியாக உள்ளே போகும் தண்ணீர் மரத்தை ஊதவைக்கும், இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

தாங்கியில் ரப்பரோ கம்பளித் துணியோ ஒட்டுவதும் வெள்ளிக்கு ஆகாது. இரண்டிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நன்றாகத் துவைத்த பருத்தித் துணி நல்லது. உங்கள் மரச் செங்கோலுக்கு வெல்வெட் தாராளமாக ஒட்டலாம்.

——

சபைக்குறிப்பு எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. செங்கோலைப் பறிப்பது உலகெங்கும் நடக்கிற எதிர்ப்பு. 1976இல் லண்டனில் மைக்கேல் ஹெசெல்டைன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தூக்கினார். 2016இல் திரிபுரா சட்டசபையில் ஓர் உறுப்பினர் எடுத்துக்கொண்டு ஓடினார். 2018 ஏப்ரலில் நைஜீரிய செனட்டில் வெளியாட்கள் புகுந்து கொண்டுபோக, மறுநாள் மேம்பாலத்துக்கடியில் கிடைத்தது. மெல்பர்ன் நாடாளுமன்றத்திலிருந்து 1891 ஒக்டோபரில் காணாமல் போனது இன்றுவரை கிடைக்கவில்லை.

பிள்ளைகளும் இதைச் செய்து பார்ப்பார்கள். ஆகவே உங்கள் நிலையியற் கட்டளையில் (சபை நடைமுறை விதிகளில்) இரண்டு வரி சேருங்கள். படைக்கலச் சேவிதரைத் தவிர வேறு எவரும் செங்கோலைத் தொடக் கூடாது. தொட்டால் அன்றைய அமர்விலிருந்து நீக்கம். 2018 டிசம்பரில் லண்டனில் செங்கோலைத் தூக்கிய உறுப்பினருக்குக் கிடைத்ததும் அந்த ஒரு நாள் வெளியேற்றம்தான், அளவுக்கு மேல் போக வேண்டாம். பறித்தால் இழுபறி செய்யக் கூடாது என்று சேவிதருக்கும் சொல்லிவையுங்கள். இரண்டு கிலோ மரமும் பித்தளை முனையும் கூட்டத்துக்குள் இழுபட்டால் யாருக்காவது காயம் வரும். சபாநாயகர் எழுந்து நின்று அமர்வை இடைநிறுத்தினால் போதும், செங்கோல் யார் கையில் இருந்தாலும் அவர் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கீழ்த் தாங்கியைத் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமல் பொருத்துங்கள். அதற்குக் கீழே போனால் சேவிதர் குனிந்து எடுக்கும்போது முடி மேசை விளிம்பில் இடிக்கும்.